சாவி யார் கையில்?

பி.காம். படித்த தோஷம்... எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் எனக்குத் 'தேய்மானம்' என்ற வார்த்தைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். வருஷா வருஷம் இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே போகலாம். ஆனால் ஆள் இல்லாத வீடு, கணக்குப் புத்தகத்தைவிட வேகமாகத் தேயும் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

ஜப்பானில் நீகாட்டா மாநிலத்தில் தோகாமாச்சி, ட்சுனான் என்று இரண்டு சின்ன ஊராட்சிப் பகுதிகள். இரண்டும் சேர்ந்து சுமார் 760 சதுர கிலோமீட்டர். மலை, படிக்கட்டு மாதிரி வயல்கள், குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி. இளவட்டங்கள் டோக்கியோவுக்கு ரயில் ஏறிவிட, வீடுகளும் பள்ளிக்கூடங்களும் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பனியை வாரித் தள்ள ஆளில்லாத கூரை எத்தனை வருஷம் தாங்கும், சொல்லுங்கள்?

2000-ல் இங்கே ஃபிராம் கிதகாவா என்பவர் ஒரு கலைத் திருவிழாவைத் தொடங்கினார். பெயர், எச்சிகோ-ட்சுமாரி. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. போகப் போக, பூட்டிக் கிடந்த வீடுகளும் பள்ளிகளும் கலைஞர்கள் கைக்கு வந்தன. நான் நேரில் போனதில்லை. படங்களையும் வீடியோக்களையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டு பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்றில், 2006-ல் பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி, ழான் கால்மனோடு சேர்ந்து 'கடைசி வகுப்பு' என்று ஒரு படைப்பு செய்தார். இருட்டு, வைக்கோல், மங்கலான பல்புகள், எங்கிருந்தோ கேட்கும் இதயத் துடிப்பு. பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. பிரமாதமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். அங்கே படித்த பிள்ளைகள் யார்? அதற்கு அந்த இருட்டில் பதில் இல்லை. வெளியூர்க்காரன் வந்து உருகிவிட்டுப் போகலாம். உள்ளூர்க் கிழவி தினமும் அந்த வழியாக நடக்க வேண்டாமா?

இன்னொன்று, 2005-ல் மூடப்பட்ட சனடா ஆரம்பப் பள்ளி. கடைசியில் மிஞ்சியது மூன்றே பிள்ளைகள். படக்கதை ஓவியர் தஷிமா செய்சோ அந்த மூன்று பேரையே கதாபாத்திரமாக்கினார். கரை ஒதுங்கிய மரக்கட்டைக்கும் காய்கொட்டைக்கும் வர்ணம் பூசி, பள்ளி முழுக்க நிறைத்தார். 2009 முதல் அது நடந்து பார்க்கும் படப்புத்தகம்! முதல் பள்ளி இழவு வீடு என்றால், இது பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிய நாள். என் ஓட்டு இதற்குத்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு கூரை வீடு. 1924-ல் கட்டியது. 2004 பூகம்பத்தில் அடிபட்டது. அடுப்பு, தொட்டி எல்லாம் பீங்கான் கலைஞர்கள் செய்து கொடுக்க, 2006-ல் 'உபுசுனா வீடு' என்று திறந்தார்கள். சமைத்துப் பரிமாறுவது யார் தெரியுமா? அந்த ஊர்ப் பெண்கள்! கலைஞர் பெட்டி கட்டிக்கொண்டு போன பிறகும் அங்கே அடுப்பு எரிகிறது.

சரி, திருவிழாவால் ஊர் பிழைத்துவிட்டதா? தோகாமாச்சியில் 2005-ல் சுமார் 62 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அது 50 ஆயிரத்துக்கும் கொஞ்சம் கீழே. கலை, ஜனத்தொகையைப் பெருக்கிவிடவில்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் காலி வீட்டைத் தற்காலிகமாகப் பயன்படுத்தக் கிளம்புகிற யாரும் முதலில் கேட்க வேண்டியது, 'எத்தனை பேர் பார்க்க வருவார்கள்?' என்பதல்ல. விழா முடிந்த மறுநாள் காலையில் வாசலைப் பெருக்கப்போவது யார்? சாவி யார் கையில்?

உபுசுனாவில் அது சமையல்கட்டில் இருக்கிறது. நல்ல இடம்தான்.