மண்ணைக் காட்டும் படமும் மர்மம் பேசும் படமும்

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், 1954இல் பிரிட்டனின் சிறந்த தொலைக்காட்சி ஆளுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிபிசியின் 'அனிமல், வெஜிடபிள், மினரல்?' நிகழ்ச்சிதான் அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. ஏதோ ஓர் அருங்காட்சியகத்திலிருந்து வந்த பொருளைக் கையில் கொடுப்பார்கள். அதைப் புரட்டிப் பார்த்து, என்ன பொருள், எந்த ஊர், எந்தக் காலம் என்று அவரும் மற்ற அறிஞர்களும் சொல்ல வேண்டும். ஓர் அறிஞர் ஒரு முடிவுக்கு எப்படி வந்துசேர்கிறார் என்பதை மக்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். தொல்லியல் ஆவணப்படங்களை எடைபோட எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும்: கிடைத்த பொருளைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறதா, அதன் காலமும் பயனும் எப்படித் தெரிந்தன என்பதையும் காட்டுகிறதா?

அந்த அளவுகோலில் உயர்ந்து நிற்பது சேனல் 4இன் 'டைம் டீம்'. 1994 முதல் இருபது ஆண்டுகள் ஓடியது. ஓர் இடம், மூன்று நாள், ஒரு கேள்வி. தோண்டுமுன் கருவிகளால் நிலத்தடியை அளப்பார்கள். எங்கே குழி போடுவது என்று கேமரா முன்னாலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே சொல்வார்கள். மண்ணின் நிறம் சற்று மாறினால் அங்கே ஒரு காலத்தில் மரத்தூண் நின்றிருக்கலாம் என்பதைச் சாதாரணப் பார்வையாளருக்கும் கற்றுக்கொடுத்தது அந்நிகழ்ச்சி. மூன்று நாள் கெடு ஒரு பொய்யான எண்ணத்தையும் பரப்பியது உண்மைதான். தோண்டி முடித்தபின் பானையோடுகளைக் கழுவி, எண்ணிட்டு, வரைந்து, அறிக்கை எழுதும் நீண்ட வேலை திரைக்கு வரவே இல்லை. 2012இல் அதன் முதன்மைத் தொல்லியலாளர் மிக் ஆஸ்டன், நிகழ்ச்சியின் தரம் தாழ்கிறது என்று சொல்லி விலகினார். உள்ளிருந்தே எழுந்த அந்த எதிர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸில் 2020இல் வந்த 'சீக்ரெட்ஸ் ஆஃப் தி சக்காரா டூம்' வேறொரு நல்ல காரியத்தைச் செய்தது. எகிப்தில் சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வாஹ்ட்யே என்ற பூசாரியின் கல்லறையைப் பற்றிய படம் அது. வெளிநாட்டு அறிஞர் வழிகாட்ட, உள்ளூர் ஆட்கள் பின்னணியில் கூடை சுமக்கும் பழைய காட்சி இதில் இல்லை. தோண்டுகிறவர்களும் ஆராய்கிறவர்களும் எகிப்தியர்கள், பேசுவதும் அவர்களே. தலைமுறையாக இந்த வேலை பார்க்கும் தொழிலாளி, தன் கை அறிந்ததைத் தன் மொழியில் சொல்கிறார். ஆனால் இதே படம் முடிவை நெருங்கும்போது தடுமாறுகிறது. கல்லறையின் செங்குத்துக் குழிகளில் கிடைத்த எலும்புகளைப் பார்த்து, அந்தக் குடும்பமே மலேரியாவில் மாண்டிருக்கலாம் என்ற ஊகம் எழுகிறது. ஊகம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இசையும் முகங்களின் அண்மைக்காட்சியும் சேர்ந்து அதை நடந்துமுடிந்த சோகமாகவே நம் மனத்தில் பதித்துவிடுகின்றன. 'இருக்கலாம்' என்று வாய் சொல்வதை, படம் 'இருந்தது' என்று காட்டிவிடுகிறது.

கணினி வரைகலையிலும் இதே கோளாறுதான். அடித்தளத்தில் நான்கு வரிசைக் கல் மிஞ்சியிருக்கும். திரையில் மாடமும் கோபுரமும் சந்தைக் கூட்டமுமாக ஒரு நகரமே எழும். எது கிடைத்தது, எது ஓவியரின் கற்பனை என்று பிரித்துக் காட்ட இரு வேறு நிறங்கள் போதும். பெரும்பாலான படங்கள் அந்தச் சிறு நேர்மையைக்கூடக் காட்டுவதில்லை.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பூம்புகார். 1990களின் தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவ அமைப்பொன்றைக் கண்டது. 2001இல் எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் அங்கே மூழ்கிப் பார்த்தார்; மறு ஆண்டு சேனல் 4 தொடரில் அது வந்தது. அந்த ஆழம் கடலுக்குள் போனது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு, ஆகவே இது பனியுக முடிவில் மூழ்கிய நாகரிகம் என்பது அவர் வாதம். இங்கே காலம் கணிக்கப்பட்டது கடல்மட்டத்துக்கு, கல்லுக்கு அல்ல. அது மனிதன் கட்டியதுதானா என்பது முதலில் நிறுவப்பட வேண்டும். அந்தக் காலத்தைச் சொல்லும் பானையோடோ கருவியோ அங்கிருந்து வரவில்லை. பக்கத்திலேயே கீழையூரில், செங்கல்லால் கட்டிய படகுத்துறை 1960களில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதிலிருந்த மரத்தூணைக் கார்பன் கணிப்பு கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிக் கொண்டுபோனது. கையால் தொடக்கூடிய அந்தத் துறை, கடலடி மர்மம் அளவுக்கு உலகத் தொலைக்காட்சியை ஈர்க்கவில்லை. தமிழரின் தொன்மையை உயர்த்துகிறது என்பதற்காக நாம் இத்தகைய படங்களைக் கைதட்டி வரவேற்றது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஹான்காக்கின் 'ஏன்ஷியன்ட் அபோகலிப்ஸ்' தொடர் 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, அதை அறிபுனை என்று வகை மாற்றுமாறு அமெரிக்கத் தொல்லியல் சங்கம் வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. 'ஏன்ஷியன்ட் ஏலியன்ஸ்' என்ற தொடர் இன்னும் ஒருபடி மேலே போய், பிரமிடையும் பெருங்கற்களையும் வேற்றுக்கிரகத்தார் கணக்கில் எழுதுகிறது. கட்டியவர்களின் சந்ததியினர் இன்றும் எகிப்திலும் பெருவிலும் வாழ்கிறார்கள். உங்கள் முன்னோருக்கு இது முடிந்திருக்காது என்று அவர்களைப் பார்த்துச் சொல்வது அவமதிப்பு.

தொலைக்காட்சியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆதிச்சநல்லூரில் 2004இல் தொடங்கிய அகழாய்வின் அறிக்கைக்கு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தோம். அறிஞர்கள் பேசாமல் இருக்கும் இடத்தில் கதைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

நம் தொலைக்காட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். கீழடியில் காசோ, பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழியோ கிடைத்த அன்று மட்டும் மைக்கோடு ஓடாதீர்கள். ஒரு பருவம் முழுவதும் ஒரே குழியருகே கேமராவோடு இருங்கள். மண்ணடுக்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது, கரித்துண்டு எப்படி உறையிடப்பட்டு ஆய்வகத்துக்குப் போகிறது, முடிவு வந்தபின் எதில் அறிஞர்கள் முரண்படுகிறார்கள் என்பதைக் காட்டுங்கள். அந்தக் குழிக்குள் குனிந்து மண் சுரண்டும் உள்ளூர்ப் பெண்களையும் பேசவிடுங்கள்.