கரிய முகமும் காமிராவின் கண்ணும்

சினிமாவைப் பற்றி எழுதப் புகுவோர் கதையைப் பேசுவர், நடிப்பைப் பேசுவர், பாட்டைப் பேசுவர். நடிகனின் முகத்தில் எத்துணை வெளிச்சம் விழுந்தது, அதில் எத்துணையைக் காமிரா உள்ளே ஏற்றது என்று ஆராய்வோர் மிகச் சிலரே. ஆயினும், திரையில் ஒருவன் மனிதனாகத் தோன்றுவதும் வெறும் நிழலாக ஒதுங்குவதும் பெரிதும் இவ்விரண்டையே பொறுத்தவை. இதற்குத் தக்க சான்றாக 1967ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ என்னும் அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம்.

டைரக்டர் நார்மன் ஜூவிசனின் அப்படத்தில், பிலடெல்பியா நகரத்துத் துப்பறியும் போலீஸ் அதிகாரியாகச் சிட்னி பாய்ட்டியர் நடித்தார். மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் ரயில் நிலையத்தில் இரவில் அமர்ந்திருந்த அக்கறுப்பரைக் கொலைக் குற்றம் சாட்டிப் பிடிக்கின்றனர். படம் பிடித்தவர் ஹாஸ்கல் வெக்ஸ்லர். வெள்ளை முகத்துக்கென வகுத்த பலத்த விளக்குகளை அப்படியே கரிய முகத்தின்மீது பாய்ச்சினால், தோலில் பளபளப்புத் தெறித்து முகபாவம் மறைந்துபோகும். இதனை உணர்ந்த வெக்ஸ்லர் வெளிச்சத்தைத் தணித்து அமைத்தார்.

அதன் பயன் யாது? பருத்தித் தோட்ட முதலாளி கன்னத்தில் அறைய, கறுப்பு அதிகாரி நொடியும் தாமதியாது திருப்பி அறையும் காட்சி உலகறிந்தது. அக்காட்சியின் வலிமை கையில் இல்லை. முகத்தில் இருக்கிறது என்பதே நமது துணிபு. அம்முகம் தெளிவுறத் தெரியாவிடில் அவ்வறை வெறும் ஓசையாகவே முடிந்திருக்கும். அவ்வாண்டுக்குரிய ஆஸ்கார் பரிசுகளில் சிறந்த படம் என்பது உட்பட 5 பரிசுகளை இப்படம் பெற்றது. ஆனால் ஒளிப்பதிவுக்கான பட்டியலிலோ நடிப்புக்கான பட்டியலிலோ வெக்ஸ்லர் பெயரும் பாய்ட்டியர் பெயரும் இடம்பெறவில்லை. முகத்தையும் அதற்கு ஒளி தந்த கையையும் ஒருங்கே மறந்தனர் போலும்!

இக்குறை ஒருவர் இருவருடையதன்று. கோடாக் கம்பெனி, வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு நிறம் சரிபார்ப்பதற்கென அனுப்பிய அட்டையில் பல்லாண்டுக் காலம் ஒரு வெள்ளை மாதின் உருவமே இருந்தது. அவ்வட்டை ‘ஷெர்லி’ என்றே பெயர் பெற்றது. அளவுகோலே வெள்ளையாயின், கரியவர் அளவில் தவறுதல் வியப்பாமோ?

காமிராவின் தானியங்கி அளவியும் மனிதனை அறியாது. தன் முன் உள்ள காட்சி முழுவதையும், ஏறத்தாழ 100க்கு 18 பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் இடைச் சாம்பல் நிறமாக்கவே அது முயலும். வெள்ளைச் சுவரின் முன் கரியவர் நின்றால், சுவரைக் கண்டு ஒளியைக் குறைக்கும், முகம் இருளும். கறுப்புத் திரையின் முன் நின்றால் ஒளியைக் கூட்டும், முகம் வெளிறும்.

நம்மவர் திருமண வீடியோக்களில் இவ்விரு கேடும் மலிந்திருக்கின்றன. வெள்ளை வேட்டி, வெள்ளைத் திரை, தங்க நகை ஆகியவற்றினிடையே மாப்பிள்ளை முகம் கரிப்படலமாகிறது. அதற்கு அஞ்சிக் கண்கூசும் விளக்கை நேரே வைத்தால், மணமகள் முகம் மாப்பூசிய சுவராகிறது. சிலர் இதுவும் போதாதென்று கணிப்பொறியால் வேறு வெளுப்பேற்றுகின்றனர். அவ்வாறு வெளுப்பதை அழகென்று மெச்சுவாரை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

பரிகாரம் அரிதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. விளக்கொளி துடிப்பின்றிப் பதிய, வினாடியில் 50இல் ஒரு பங்கு நேரமே ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விடுவது வழக்கம். அந்நேரம் நிலையானதால், லென்ஸின் துவாரமும் விளக்கின் இடமுமே பெரிதும் நம் கைவசம் எஞ்சுபவை. துவாரத்தை ஒரு படி திறந்தால் ஒளி இரட்டிக்கும், முகம் தெளியும், ஆனால் வேட்டியின் மடிப்பெல்லாம் வெளிறி அழியும். ஆகவே அளவை முகத்தில் எடுத்து நிலைநிறுத்துக. மணமக்களைச் சுவரைவிட்டுச் சற்றே முன்னே நிறுத்துக. சுவரில் படாதவாறு, அகன்ற வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும் மென்மையான ஒளியைப் பக்கவாட்டில் தருக.

2016ஆம் ஆண்டின் ‘மூன்லைட்’ படத்தைக் காண்க. டைரக்டர் பாரி ஜென்கின்சும் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டனும் கரிய தோலைப் பொடி பூசி மறைக்கவில்லை; எண்ணெய் மினுக்கோடு சுடரவிட்டனர். ஒருபுறம் ஒளியும் மறுபுறம் நிழலுமாக முகங்கள் உயிர்பெற்றன. வெளுப்பேற்றாமலே ஒளியேற்றலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பால்மரம் சீவிக் கறுத்த பாட்டியின் முகம் பேரன் பேத்திகளுக்கு நாளை அவ்வீடியோவில்தான் எஞ்சியிருக்கும். ஆதலின், படம் பிடிப்பாரிடம் கூலி பேசுமுன், அவர் முன்னர் எடுத்த படமொன்றைக் கேட்டுவாங்கி, அதில் முதியோர் முகங்கள் உள்ளபடி தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிடில் வேறொருவரை நாடுங்கள்.