பெட்டியில் மிஞ்சியவை

மேலாண்மைப் பாடம் படித்தவர்கள் பலருக்கும் ஷ்மிட்டைத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் கச்சா இரும்புப் பாளம் சுமந்த கூலித் தொழிலாளி. பாளம் ஒன்று 92 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 42 கிலோ. குனிந்து எடுத்து, சாய்ந்த பலகையில் ஏறி, ரயில் வேகனுக்குள் போட்டுவிட்டு இறங்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன்தான் ஏறிக்கொண்டிருந்ததாம். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் வந்தார். எப்போது தூக்குவது, எப்போது உட்காருவது என்று சொல்ல ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்தினார். ஷ்மிட் 47 டன் ஏற்றினார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. 1911இல் வெளிவந்த 'அறிவியல்முறை மேலாண்மையின் கோட்பாடுகள்' நூலில் டெய்லர் இதைச் சொல்லும்போது ஒரு கதாகாலட்சேபக்காரரின் சாமர்த்தியம் தெரியும். ஷ்மிட்டின் கொச்சை ஆங்கில உச்சரிப்பைக்கூட எழுத்தில் நடித்துக் காட்டியிருப்பார்.

டெய்லரின் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் நியூஜெர்சி மாநிலத்தின் ஹோபோகன் நகரில், ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. அவர் 1883இல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கிய கல்லூரி அது. மேலாண்மை வரலாறு என்ற துறை வயதுக்கு வந்ததே இப்படிப்பட்ட ஆவணப் பெட்டிகளைத் திறந்த பிறகுதான் என்பேன். அதுவரை அது குருமார் புராணமாக இருந்தது. டெய்லர் 1915இல் இறந்தபின் 1923இல் வெளியான ஃபிராங்க் பார்க்லி காப்லியின் இரண்டு தொகுதி வரலாறு, குடும்பத்தின் ஆசியோடு எழுதப்பட்டது. அதன் தொனியை ஊகித்துக்கொள்ளலாம்.

1974இல் சார்லஸ் ரெகி, அமெடியோ பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி, ஷ்மிட் கதையை வரிவரியாகச் சோதித்தார்கள். ஷ்மிட்டின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். சோதனை நடந்தது 1899 மார்ச்சில். களத்தில் நின்று நடத்தியவர்கள் டெய்லரின் உதவியாளர்களான கில்லஸ்பி, வோல் என்ற இருவர். திடகாத்திரமான ஹங்கேரியத் தொழிலாளர்கள் பத்துப் பேரை முழுவேகத்தில் ஏற்றச் சொன்னார்கள். 14 நிமிடத்தில் 16½ டன் ஏறியது. அந்த 14 நிமிடத்தைப் பத்து மணி நேரத்துக்கு நீட்டிப் பார்த்தால் ஆளுக்கு 71 டன் வரும். அதை 75 ஆக்கினார்கள். ஓய்வுக்கும் தாமதத்துக்கும் 40 விழுக்காடு கழித்தார்கள். 45 டன் என்ற தினசரி அளவு பிறந்தது. அந்த 40 ஏன் 30 ஆகவோ 50 ஆகவோ இல்லை என்பதற்கு அறிவியல் விடை கிடையாது. கணக்கப்பிள்ளை 'தேய்மானம்' என்று ஒரு குத்துமதிப்பு போடுவாரே, அந்த வகை. எடைக்கூலி முறையை ஏற்க மறுத்த தொழிலாளர்கள் வேலையிழந்ததும் அந்த ஆவணங்களில் இருக்கிறது. புத்தகத்தில் வரும் இணக்கமான உரையாடலில் இந்தச் சங்கதிக்கு இடமில்லை.

இதற்கு மறுப்பும் வந்தது. 2001இல் ஹஃப், வைட் என்ற இருவர், டெய்லர் அதை ஒரு பாடம் புகட்டும் கதையாகத்தான் சொன்னார், விவரப் பிழைகளை வைத்து அவரைப் பொய்யர் என்பது நியாயமல்ல என்று வாதிட்டார்கள். எனக்கு இந்தச் சமாதானம் முழுசாக ஒட்டவில்லை. நீதிக்கதை சொல்பவர் நூலின் தலைப்பில் 'அறிவியல்' என்று போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த நூலே முழுக்க டெய்லர் எழுதியதுதானா என்ற கேள்வியையும் ரெகி விடவில்லை. 1978இல் ஸ்டோட்காவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், நூலின் கணிசமான பகுதி டெய்லரின் சீடர் மோரிஸ் லூவெலின் குக் தயாரித்த கையெழுத்துப் படியிலிருந்து வந்தது என்று காட்டினார். டெய்லர் தன் வீட்டில் விருந்தினர்களுக்குப் பேசிய பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து, அதைக் குக் நூலாக வளர்த்திருந்தார்.

பத்திரிகைக் கடிதங்களையும் விடக்கூடாது. நூல் முதலில் 'அமெரிக்கன் மேகசின்' இதழில் தொடராக வந்தபோது, நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் அந்த இதழுக்கு ஒரு சூடான கடிதம் எழுதினார்: 362 விழுக்காடு கூடுதல் உழைப்புக்கு 61 விழுக்காடு கூடுதல் கூலியா? காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டரையிலிருந்து 47க்குப் போவது 276 விழுக்காடு உயர்வுதான். கூலிக் கணக்கு சரி. உழைப்புக் கணக்கில்தான் சின்க்ளேர் தவறினார். இருவருமே எண்ணைக் கொஞ்சம் தாராளமாகக் கையாண்டவர்கள். டெய்லர் அதே இதழில் பதில் எழுதினார். அந்த இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்துப் படிப்பது, மேலாண்மை பற்றிய பத்துப் பாடநூல்களைவிடப் பயன் தரும்.

டெய்லரைப் பற்றி இன்று கிடைக்கும் ஆகச் சிறந்த வாழ்க்கை வரலாறு 1997இல் ராபர்ட் கனிகல் எழுதியது. தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த பெயர்தான். 1991இல் ராமானுஜனின் வரலாற்றை எழுதியவர். ஒரு கடிதம் ஒரு வாழ்க்கையை எப்படித் திருப்பும் என்பதை ராமானுஜன் ஹார்டிக்கு எழுதியதில் பார்த்தவர், டெய்லரிடமும் அதே பொறுமையுடன் காகிதங்களைப் படிக்கிறார். டெய்லரை அரக்கனாகவும் ஆக்கவில்லை, முனிவராகவும் ஆக்கவில்லை.

ஹாதார்ன் ஆய்வுகள் பற்றிய கதைக்கும், ஆவணங்களைத் திறந்ததும், ஷ்மிட் கதையின் கதிதான். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவை. விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, ஏனென்றால் தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதே தொழிலாளர்களுக்கு உற்சாகம் தந்தது என்பது பரவலான கதை. அந்த ஆய்வுகளுக்கு விளக்கம் தந்த ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோவின் புகழ் இதில் நிற்கிறது. ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் உள்ள ஆவணங்களை வைத்து வரலாற்றாளர் ரிச்சர்ட் கில்லஸ்பி 1991இல் எழுதிய நூல் வேறொன்றைச் சொல்கிறது. ரிலே பொருத்தும் அறையில் வேலை செய்த ஐந்து பெண்களில் இருவர், பேச்சு அதிகம், ஒத்துழைப்பில்லை என்று 1928 ஜனவரியில் வெளியேற்றப்பட்டு, வேறு இருவர் அமர்த்தப்பட்டார்கள். ஆய்வாளர்களுக்குள்ளேயே முடிவுகள் பற்றி ஒத்த கருத்து இருக்கவில்லை. விளக்குச் சோதனையின் மூலத் தரவுகள் அழிந்துவிட்டதாகவே வெகுகாலம் நம்பப்பட்டது. லெவிட், லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் அவற்றைத் தேடிக் கண்டெடுத்து 2011இல் வெளியிட்டார்கள். விளக்குகளை மாற்றியது ஞாயிற்றுக்கிழமைகளில். விளக்கை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் திங்கட்கிழமை உற்பத்தி எப்படியும் கூடுதலாகவே இருந்திருக்கிறது. அரை நூற்றாண்டு வகுப்பறைகளில் ஓதப்பட்ட தத்துவத்தின் ஒரு பங்கு வாரவிடுமுறைக்குச் சேர வேண்டியது.

பெட்டியே மிஞ்சாதவர்களும் உண்டு. மேரி பார்க்கர் ஃபாலெட், அதிகாரம் என்பது மேலிருந்து கீழே வருவதல்ல, சேர்ந்து உருவாக்குவது என்று 1920களில் பேசியவர். 1933இல் அவர் இறந்தபின் அவருடைய காகிதங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. 2003இல் ஜோன் டான் எழுதிய வரலாறு, மற்றவர்களின் பெட்டிகளில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்தது. ஃபாலெட் பல காலம் மறக்கப்பட்டிருந்ததற்குப் பெண் என்பதும் காரணம், காகிதம் இல்லாததும் காரணம்.

மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் விஷயம் நேரெதிர். கலிபோர்னியாவின் கிளேர்மான்ட்டில் அவர் பெயரிலேயே ஆவணக்காப்பகம் இருக்கிறது. ஆனால் அவருடைய கடிதங்களில் எனக்குப் பிடித்தது ஒரு மறுப்புக் கடிதம். படைப்பாற்றல் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி பேட்டி கேட்டு எழுதியபோது, இத்தகைய அழைப்புகளைப் போட ஒரு பெரிய குப்பைக்கூடை வைத்திருப்பதுதான் தன் உழைப்பின் ரகசியங்களில் ஒன்று என்று டிரக்கர் பதில் போட்டார். சிக்சென்ட்மிஹாயி அந்தப் பதிலையே தன் நூலில் சேர்த்துக்கொண்டார்.

வேறு சில கடிதங்கள் நேரடியாக வேலையாகிவிட்டன. 1971 ஜூலையில் சிலியின் இளம் பொறியாளர் ஃபெர்னாண்டோ ஃபுளோரஸ், இங்கிலாந்தின் மேலாண்மை ஆலோசகர் ஸ்டாஃபர்ட் பீருக்கு எழுதினார். அரசுடைமையாகும் ஆலைகளை நிர்வகிக்கப் பீரின் சைபர்நெட்டிக்ஸ் உதவுமா என்று கேட்டார். அதிலிருந்து டெலக்ஸ் இயந்திரங்களை இணைத்த சைபர்சின் திட்டம் முளைத்தது. 1972 அக்டோபர் லாரி உரிமையாளர் வேலைநிறுத்தத்தின்போது அந்த டெலக்ஸ் வலை அரசுக்குக் கைகொடுத்தது. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியோடு திட்டம் முடிந்தது. ஃபுளோரஸின் கடிதத்திலிருந்து தொடங்கி ஈடன் மெடினா 2011இல் எழுதிய நூல் இத்துறையின் நல்ல நூல்களில் ஒன்று.

அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்குக்கும் 1950இல் ஜப்பானிலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. எட்டு நாள் பாடம் எடுத்தார். அந்தப் பாடம் நூலானபோது வந்த உரிமைத்தொகையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதைக்கொண்டு 1951இல் டெமிங் பரிசு தொடங்கப்பட்டது. 1998இல் சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டனுக்கு அது கிடைத்தபோது, அதன் தொடக்கம் ஒரு மனிதர் பணம் வேண்டாம் என்றதில் இருந்தது என்பதை எத்தனை பேர் யோசித்திருப்பார்களோ.

மறுபடி ஹென்றி நோலிடம் வருகிறேன். டெய்லரின் நூல் பிரபலமானதும், ஷ்மிட் அந்த உழைப்பில் செத்தே போய்விட்டான் என்று வதந்தி கிளம்பியது. டெய்லருக்குப் பதற்றம். ஆளனுப்பி நோலைத் தேடிப் பிடித்தார்கள். மருத்துவர் ஒருவர் பரிசோதித்து, உடல்நிலை நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். ஷ்மிட்டின் பேச்சு என்று நாம் படித்ததெல்லாம் டெய்லர் எழுதிய வசனம். நோல் உயிரோடு இருக்கிறார் என்பதற்கும், அவர் வாய்மொழி போதாமல், மருத்துவரின் சான்று தேவைப்பட்டது.