நத்தார் நாளும் நமது ஆராய்ச்சியும்

மாத்தளை நகரில் வாழ்வோர் ஒரே ஆண்டை நான்கு விதமாக எண்ணுகின்றனர். முத்துமாரியம்மன் தேர் மாசி மகத்தன்று வீதிக்கு வருகிறது. அந்நாளைக் குறிப்பதற்குச் சூரியனும் சந்திரனும் நட்சத்திரமும் வேண்டும். விகாரைகளிலே பௌர்ணமி ஆட்சி செய்கிறது. பள்ளிவாசல்களிலே பிறை கண்டு பெருநாள் அறிவிக்கப்படுகிறது. தேவாலயத்து நத்தாரோ டிசெம்பர் 25ஐ விட்டு அசைவதில்லை. இதனைக் கவனித்த மாணவி ஒருத்தி, “யேசு பிறந்த தேதியை யார் சேர் எழுதி வைச்சது?” என்று வகுப்பிலே கேட்டாள். எளிய கேள்விதான்; ஆயின், அதற்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் இரண்டையும் விமர்சனக் கண்கொண்டு நோக்குதல் அவசியமாகிறது.

பக்தர்கள் தரும் விடை, அந்நாள் தொன்றுதொட்டு வந்தது என்பது. பகுத்தறிவு பேசும் நம் நண்பர்கள் தரும் விடை, உரோமரின் சூரிய விழாவைத் திருச்சபை திருடிக்கொண்டது என்பது. முன்னது வரலாற்றைக் காண மறுக்கிறது. பின்னது வரலாற்றின் பெயரால் அவசரப்படுகிறது. முற்போக்காளர் என்று கூறிக்கொள்ளும் நாம் பின்னதன் குறையை மறைப்போமாயின், முன்னதைக் கண்டிக்கும் தகுதியை இழந்துவிடுவோம்.

சுவிசேஷங்கள் நான்கினுள் எதுவும் யேசு பிறந்த நாளைக் கூறவில்லை. கி.பி. 200 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளமெந்து, தம் காலத்தவர் சிலர் குறித்த நாட்களைத் தருகிறார். அவை ஏப்ரல், மே மாதங்களில் விழுகின்றன. டிசெம்பர் 25ஐ ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் முதற் சான்று, உரோமிலே 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நாட்காட்டி நூலாகும். அதிலுள்ள திருச்சபைப் பட்டியல் 336ஆம் ஆண்டளவினது என்பர் ஆய்வாளர். அந்தியோக்கியாவில் 386இல் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தோம், இவ்விழா தம் ஊருக்கு அறிமுகமாகிப் பத்தாண்டுகூட நிறையவில்லை என்றார். தொன்றுதொட்டு வந்தது என்னும் வாதம் இத்துடன் வலுவிழந்துவிடுகிறது.

நம் நண்பர்களின் வாதத்துக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. பேரரசன் அவுரேலியன் 274இல் ‘வெல்லப்படாத சூரிய’னுக்கு உரோமிலே கோயில் எடுத்தான். மேற்சொன்ன நூலின் இன்னொரு பகுதியிலே, அதே டிசெம்பர் 25 வெல்லப்படாதவனின் பிறந்தநாளாகக் குறிக்கப்பட்டு, அன்றைக்கு முப்பது தேரோட்டப் பந்தயங்களும் சொல்லப்பட்டுள்ளன. பிறப்பைச் சுட்டும் அந்த இலத்தீன் சொல்லே போர்த்துக்கேயர் வாய்வழி இலங்கைக்கு வந்து நம் நாவில் ‘நத்தார்’ ஆயிற்று. ஆனால், சூரிய விழா இந்நாளுக்குரியது என்பதற்குத் தெளிவான முதற் சான்றும் அதே நூல்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இரண்டில் எது முந்தியது என்று அந்நூல் சொல்லவில்லை. திருச்சபை வேண்டுமென்றே நாளை மாற்றியது என வெளிப்படையாகக் கூறும் குறிப்போ, பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிரியமொழி ஆசிரியர் ஒருவரின் நூலேட்டு ஓரத்திலே காணப்படுவது. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு பிந்தியது.

பிரெஞ்சு அறிஞர் டுஷேன் 1889இல் வேறொரு விளக்கம் தந்தார். யேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 என மேற்கிலே பழங்கிறிஸ்தவர் சிலர் கணித்தனர். அவர் கருவுற்றதும் அதே நாளில் என்று கொண்டனர். ஒன்பது மாதத்தைக் கூட்டினால் டிசெம்பர் 25 வருகிறது. கிழக்கிலே ஏப்ரல் 6 என்று கணித்தோருக்கு ஜனவரி 6 வந்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இலேயே யேசுவின் பிறப்பைக் கொண்டாடுகிறது. இவ்விளக்கத்திலும் இடைவெளிகள் உண்டு. ஆயினும், உரோமர் வழக்கில் மார்ச் 25 இரவும் பகலும் சமமாகும் நாள்; டிசெம்பர் 25 சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள். ஆகவே, கணக்கிட்டவரும் சூரியனைவிட்டு விலகி நின்றாரல்லர். ஒரு யுகத்து மக்கள் அனைவரும் ஒளியின் மீட்சியைக் கொண்டே காலத்தை எண்ணினராயின், அதனைத் திருட்டு என்பது பொருந்துமா? ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பரசர் முதலாம் லியோ, புனித பேதுரு ஆலயப் படிகளில் ஏறிய கிறிஸ்தவர்கள் திரும்பி நின்று உதய சூரியனை வணங்கியதைக் கண்டித்தார். மக்களின் பழக்கம் மேலிடத்துக் கட்டளைக்கு எளிதில் அடங்குவதில்லை.

இதனை உணர நாம் உரோமுக்குப் போகவேண்டியதில்லை. தை முதலாம் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். ஆனால், சூரியன் டிசெம்பர் 21 அல்லது 22இலேயே வடக்கே திரும்பிவிடுகிறது. சூரியன் மகரத்திற் புகுவதும் வடக்கே திரும்புவதும் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்றாயிருந்தன. ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அயனசலனம் அவ்விரண்டையும் பிரித்துவிட்டது. அதனால் பொங்கற்பானை பொய்யாகிவிடவில்லை. விளைவித்தவனின் மகிழ்ச்சி மெய்யாகவே இருக்கிறது. மாத்தளை அலுவிகாரையில் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டிலேதான் ஏட்டில் ஏறியது என்பதால் பௌத்தர் எவரும் நாணுவதில்லை. கிறிஸ்தவரும் தம் பண்டிகையின் வரலாறு கண்டு நாணவேண்டியதில்லை.

ஒரு நாளின் தோற்றத்தைக் கண்டறிந்ததோடு நின்றுவிடுவது பாதி ஆராய்ச்சியே. அந்நாளிலே ஓய்ந்திருந்தவர் யார், உழைத்தவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். பேரரசன் கொன்ஸ்தந்தீன் 321இல் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கிச் சட்டம் செய்தான். நீதிபதிகளும் நகரமாந்தரும் கைவினைஞரும் ஓயவேண்டும். உழவர் மட்டும், பருவம் தவறிவிடக்கூடாதென்பதற்காகத் தடையின்றி வேலை செய்யலாம் என்றது அச்சட்டம். சலுகைபோல் எழுதப்பட்ட வரி அது. ஆனால், ஊருக்கெல்லாம் சோறிட்டவன் அவ்வரியினாலே ஓய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். கொழுந்து முற்றிவிடும் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

நம் நாட்டிலும் 1966இல் போயா நாட்கள் வார விடுமுறையாயின. ஞாயிறு அந்த நிலையை இழந்தது. 1971இலே ஞாயிறு மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், கிறிஸ்தவர் பலருக்கு வழிபாட்டு நாள் வேலைநாளாயிற்று. வானத்திலே எதுவும் மாறவில்லை. அரசின் சட்டம் மாறியது. நாட்களைப் புனிதமாக்குவது நம்பிக்கையாயிருக்கலாம். அவற்றை ஓய்வுநாளாக்குவதும் ஆக்காமல் விடுவதும் அதிகாரமே.

இவற்றையெல்லாம் இயன்ற அளவு எளிமையாக அம்மாணவிக்கு எடுத்துரைத்தேன். தேதியை எழுதியவர்கள் மனிதர்கள் என்றும், தம் காலத்து அறிவையும் ஆசையையும் கொண்டே எழுதினார்கள் என்றும் சொன்னேன். சற்றுநேரம் சிந்தித்த அவள், “அந்த நாளிலயும் வயல்ல நின்டவங்களை யார் சேர் எழுதி வைச்சது?” என்றாள்.

திருடியது யார் என்ற வழக்கில் காலத்தைப் போக்காது, நாம் எழுதவேண்டிய வரலாறு அதுவேயாகும்.