கெட்டிமேளம்

அமராவதி நகரிலும், உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஒலிக்கும் மங்கள வாத்தியத்தைக் கேட்டு ஆனந்தங்கொள்வோர் பலர். அதை நடத்திச் செல்லும் சிறு தொழிலின் நுட்பத்தை ரசிப்போர் மிகச் சிலரே. வெற்றிலை பாக்குடன் அச்சாரம் வாங்கி, ஆடியிலும் மார்கழியிலும் கலியாணமே இல்லாத குறையை மற்ற மாதங்களின் சம்பாத்தியத்தால் ஈடுகட்டி, நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் தாளக்காரரையும் பிரியாமல் சேர்த்து வைத்திருப்பது சாமானிய காரியமன்று.

2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைந்தது. அதன் சீவாளியை உதட்டில் நனைத்துப் பதம் பார்ப்பார் நாதஸ்வரக்காரர். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழியேந்தி, கலியாணச் சடங்கை நடத்தும் அருமைக்காரரோ புரோகிதரோ காட்டும் விரலசைவுக்காக விழிப்புடன் வீற்றிருப்பார் தவில்காரர். வாசித்துக்கொண்டிருந்த ராகத்தை அந்தரத்தில் நிறுத்தி, மாங்கல்யம் கழுத்தில் ஏறும் அதே க்ஷணத்தில், அமங்கலச் சொல் எதுவும் செவியில் விழாதபடி முழங்கும் கெட்டிமேளமே இத்தொழிலின் சிகரம். அதை மறுபடி வாசிக்க இயலாது.

கலியாண வீட்டாரே, அந்த நேரத்திலாவது ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்துங்கள்; பேசிய தொகையை அன்றே முழுமையாகக் கொடுத்து வாத்தியக்காரர்களை வழியனுப்புங்கள்.