சராசரிக்குள் ஒளியும் பிழைகள்

ஒரே வடிவமைப்பில், ஒரே ஆலையில் உருவான இரண்டு சிப்புகள்கூட முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான இந்த நுண்ணிய வேறுபாடுகளையே சிப்பின் கைரேகையாகக் கொள்வது ‘பஃப்’ எனும் தொழில்நுட்பம். ரகசியச் சாவியை நினைவகத்தில் பூட்டி வைக்காமல், தேவைப்படும்போது சிப்பே உருவாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அதே சாவி வரவேண்டும். பேட்டரி இறங்கியிருந்தாலும் வரவேண்டும். அதனால்தான் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதிக்கிறார்கள்.

வழக்கமான முறை எளியது. எடுத்துக்காட்டாக, 1.2 வோல்ட்டில் கைரேகையைப் பதிந்து, 10 சதவீதம் குறைத்து 1.08 வோல்ட்டிலும், கூட்டி 1.32 வோல்ட்டிலும் மறுபடி எடுத்து, மாறிய பிட்டுகளை எண்ணுவார்கள். இதன் பயன் பெரிது. பஃப்பில் பல வகைகள் உண்டு. தானாகத் துடிக்கும் சுற்றுகளான ரிங் ஆசிலேட்டர்களைக் கொண்ட வகையில், இரண்டு ஆசிலேட்டர்களில் எது வேகமானது என்பதே ஒரு பிட். மின்னழுத்தம் குறைந்தால் இரண்டும் மெதுவாகும், ஆனால் ஒரே அளவில் அல்ல. வேகம் நெருங்கிய ஜோடியில் முந்தியது பிந்திவிட, பிட் புரளும். எனவே வேக இடைவெளி மிகுந்த ஜோடியை மட்டும் தேர்ந்தெடுக்கும் உத்தியை எட்வர்ட் சுவும் ஸ்ரீனிவாஸ் தேவதாஸும் 2007-இல் முன்வைத்தனர். 120 டிகிரி வெப்பத்தில், 1.08 வோல்ட்டில்கூட சராசரியாக 0.48 சதவீத பிட்டுகளே மாறின. பலவீனம் எங்கே என்று காட்டி, திருத்தவும் வழிவிட்டது சோதனை.

ஆனால் மூன்று நிலையான புள்ளிகள் போதுமா? எஸ்ராம் (SRAM) எனும் நினைவகத்தைக் கொண்டு கைரேகை எடுக்கும் வகையில் கைரேகை பிறப்பது மின்சாரம் பாயத் தொடங்கும் அந்தக் கணத்தில். அங்கே மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் விடையை மாற்றும். நிலையான புள்ளிகளில் மட்டும் அளப்பவர் இதைப் பார்ப்பதே இல்லை.

சராசரி இன்னொரு திரை. எடுத்துக்காட்டாக, நூறு சிப்புகளில் 95-இல் பிழை 1 சதவீதம், ஐந்தில் 21 சதவீதம் என்று வையுங்கள். சராசரி 2 சதவீதம்தான். 10 சதவீதம் வரை திருத்தும் பிழைதிருத்தி வைத்திருப்பவர் நிம்மதியாக இருப்பார். அந்த ஐந்து சிப்புகளிலோ சாவி பிறக்காது.

மிகப் பெரிய குறை, இந்தச் சோதனை நம்பகத்தன்மையை மட்டுமே அளப்பது. மின்னழுத்தத்தை மாற்றும் வசதி தாக்குபவரிடமும் உண்டு. மின்னழுத்தத்தை மாற்றி, எந்த விடைகள் தடுமாறுகின்றன என்று கவனித்தே, இரண்டு பாதைகளில் எந்த சமிக்ஞை முந்துகிறது என்று பார்த்து விடை தரும் ஆர்பிட்டர் வகை பஃப்பின் உள்ளமைப்பைக் கணித்துவிடலாம் என்று ஜெரோன் டெல்வோவும் இங்க்ரிட் வெர்பாவ்ஹேடேயும் காட்டியிருக்கிறார்கள். சோதனையாளர் பிழை என்று எண்ணி ஒதுக்கும் பிட், எதிராளிக்குத் தகவல்.

ஆகவே சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை, விரிக்கச் சொல்கிறேன். சராசரியோடு மிக மோசமான சிப்பின் பிழையையும் வெளியிட வேண்டும். மின்னழுத்தம் ஏறும் வேகத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். புரளும் பிட்டுகள் எதிராளிக்கு எதைச் சொல்லிக்கொடுக்கின்றன என்பதையும் அதே அறிக்கை ஆராய வேண்டும். அதுவரை ‘தேர்ச்சி’ என்ற முத்திரை, சோதித்த நிலைகளில் சிப்புகள் சராசரியாகத் தாக்குப்பிடிக்கின்றன என்பதற்கு மட்டுமே சான்று. அவை பாதுகாப்பானவை என்பதற்கு அல்ல.