அவிழ்த்த பிறகு எஞ்சுவது

1995 ஜூன் இறுதியில் பெர்லினின் ரைக்ஸ்டாக் கட்டடம் வெள்ளி நிறத் துணிக்குள் மறைந்தது. ஒரு லட்சம் சதுர மீட்டர் துணி, 15 கிலோமீட்டருக்கும் மேல் நீலக் கயிறு. இரண்டே வாரத்தில் சுமார் 50 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். கிறிஸ்டோ, ழான்-கிளோத் தம்பதியின் திறந்தவெளிக் கலைக்கு மறைவதும் ஒரு பகுதி. அந்த மறைவு யாருக்கு எதைத் தருகிறது, யார் தலையில் எதைச் சுமத்துகிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

முதல் பலம், அது எல்லோருக்கும் திறந்திருப்பது. 2016இல் இத்தாலியின் இசேயோ ஏரியில் சுமார் 2,20,000 பாலிஎத்திலீன் மிதவைகளைக் கோத்து, மஞ்சள் துணி விரித்துப் பாதை அமைத்தார் கிறிஸ்டோ. கட்டணம் இல்லை, விளம்பரதாரரும் இல்லை. நடந்தவர்கள் ஏரியின் அசைவைக் காலடியில் உணர்ந்தார்கள். விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத அனுபவம் அது.

இரண்டாவது பலம், அனுமதிக்கான நெடிய விவாதம். ரைக்ஸ்டாக் திட்டம் 1971இல் உருவானது. சான்சலர் ஹெல்முட் கோல் எதிர்த்தும், 1994 பிப்ரவரியில் ஜெர்மன் நாடாளுமன்றம் விவாதித்து, 292க்கு 223 என்ற வாக்குகளில் இசைவு தந்தது. தன் வரலாற்றுச் சுமை ஏறிய ஒரு கட்டடத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு நாடே வாதாடியது. துணியைவிட நீடித்த பயன் இதுதான் என்பேன்.

குறைகளும் சிறியவை அல்ல. செலவுக்கான பணம், திட்டத்துக்காக வரைந்த ஓவியங்களை விற்றுத்தான் வந்தது. ஆகவே பொதுமக்களுக்குச் சில நாள் காட்சி கிடைத்தது. நிலைத்த படைப்புகளில் பல, வாங்க வசதி படைத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தன. இதைவிடக் கடுமையானது உயிரிழப்பு. 1991இல் ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் 3,100 பெரிய குடைகளை நட்டார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 கிலோ. கலிபோர்னியாவில் காற்று பெயர்த்தெறிந்த குடை மோதி ஒரு பெண் இறந்தார். உடனே குடைகளை மூட கிறிஸ்டோ உத்தரவிட்டார்; ஆனால் ஜப்பானில் அவற்றைப் பிரிக்கும்போது மின்சாரம் தாக்கி ஒரு தொழிலாளி பலியானார். சில நாள் காட்சிதானே என்று பாதுகாப்பில் எந்தச் சலுகையும் காட்ட முடியாது. நிரந்தரக் கட்டுமானத்துக்குக் கேட்கும் அத்தனை கேள்விகளையும் இதற்கும் கேட்டாக வேண்டும். பிரித்தெடுக்கும் நாளுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மொத்தத்தில் இந்தக் கலைமுறையை ஆதரிக்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. அகற்றும் திட்டத்தையும் படைப்பின் பகுதியாகவே வைத்து ஆராய வேண்டும். எஞ்சும் வரைபடங்கள், கடிதங்கள், விவாதப் பதிவுகள் பொதுவுடைமையாக வேண்டும். 1976இல் கலிபோர்னியாவில் சுமார் 40 கிலோமீட்டர் ஓடிய துணிவேலியின் ஆவணங்களை ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 2008இல் பெற்றது நல்ல முன்மாதிரி. வேலி நின்ற 14 நாட்களில் நேரில் பார்க்க முடியாதவர்களுக்கும் அந்தப் படைப்பில் பங்கு உண்டு.